என் காலும் காதரின் வண்டியும்

கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் வலியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கும் வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கிடந்த காலம் முழுவதும் வலியைவிட என்னை அதிகமாகப் படுத்தியது பொறாமை. வலிக்கு டாக்டர் ஊசி போட்டார். இதற்கு என்ன போடுவது? வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

திருச்சி பெரிய கடை வீதியில் எனக்கு ஜவுளிக்கடை. அடுத்த கடை காதர் மொய்தீனுடையது. ஆணி, கீல், தாழ்ப்பாள், வாளி என்று இரும்புச் சாமான்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் அத்தா காலமானதும் அவன் கல்லாவில் உட்கார்ந்தான், என் அப்பா காலமானதும் நான் உட்கார்ந்தேன். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்னால், ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குத் திரும்பப்போகிறார், தன் மோட்டார் சைக்கிளை விற்கிறார் என்று காதர் கேள்விப்பட்டு ஓடி வந்தான். பழைய வண்டிதான். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து போகும்படி, தனிச் சக்கரத்தோடு ஒரு தொட்டி பூட்டியிருந்தது. சைடுகார் என்று அதற்குப் பெயர். தனியாக வாங்க இரண்டு பேருக்கும் கட்டாது. பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம் என்று பேச்சு. முதல் வாரம் யாருக்கு என்று சீட்டுப் போட்டதில் என் பெயர் வந்தது.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தத் தொட்டியில் முதன்முதலாக உட்கார்கிறவள் என் மனைவி ரங்கநாயகியாக இருக்க வேண்டும். அவளை உட்கார வைத்துக் காவிரிப் பாலத்தில் நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமையலறைக்கும் கோயிலுக்கும் நடந்ததைத் தவிர அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. கையில் கொஞ்சம் பழகட்டும், வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் சாலையில். பல வருஷமாகக் கடைக்குச் சைக்கிளில் போய்வந்தவன் நான். பாலத்தில் பாதித் தூரம் வந்ததும் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும். அந்த இடத்தில் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி பிடித்துக்கொள்வேன். சைக்கிள் அது பாட்டுக்கு நேராகப் போகும். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான். திரும்பும்போது ரங்கநாதருக்கு இன்னொரு தடவை. கைக்கே பழகிப்போன காரியம் அது, புத்தியைக் கேட்டுச் செய்வதில்லை.

வண்டி என் கைக்கு வந்த மறுநாள் காலை, கடைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளிலும் கை தானாக எழுந்துவிட்டது.

அந்தக் காலத்து வண்டியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். தள்ளி வைத்த இடத்திலேயே அது நிற்கும். கையை எடுத்தால் வேகம் குறையாது. தவிர, சைடுகார் பூட்டிய வண்டி எப்போதும் இடது பக்கமே இழுக்கும், ஓட்டுகிறவன் விடாமல் பிடித்து நேராக்கிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் வெள்ளைக்காரர் எங்களுக்கு மைதானத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடம்தான். வலது கன்னத்தில் போட்டுக்கொண்டபோது வண்டி இடது பக்கக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. இடது கன்னத்தில் போட்டுக்கொள்ள நேரமில்லை.

சைடுகார் சுவரில் மோதியது. நான் வலது பக்கமாகப் பறந்து, சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் விழுந்தேன். விழுந்த உடனே வலிக்கவில்லை. எழுந்து நிற்கலாம் என்று பார்த்தேன். பாதம் மட்டும் எனக்குச் சம்பந்தமில்லாதது போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன். பின்னால் வாழை இலை ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் தன் தார்க்குச்சியைக் காலோடு வைத்துத் துண்டால் கட்டி, இலைக் கட்டுகளின்மேல் என்னைக் கிடத்தி, புத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வீட்டுக்குச் சேதி போகும் முன் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. காதர்தான் முதலில் ஓடி வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று அவன்மேல் எனக்கு எந்தக் கசப்பும் இல்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். உடம்புக்குள் இருக்கும் எலும்பை வெளியிலிருந்தே படம் பிடிக்கும் யந்திரம் அது. ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது தொடை எலும்பு நடுவில் இரண்டாகி, ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டு ஏறி உட்கார்ந்திருந்தது.

“தொடைச் சதை ரொம்ப பலம். எலும்பு விட்டுப்போச்சுன்னா சதை சுருங்கி ரெண்டு நுனியையும் மேல மேல ஏத்திடும். அப்படியே கூடினா கால் குட்டையாயிடும். அதனால இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கணும்” என்றார்.

குளோரோபாரம் கொடுத்து நேராக்கினார்கள். விழித்தபோது கால் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் இருந்தது. காலின் இரண்டு பக்கமும் நீளமாகப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டில் முனையில் பொருத்திய கப்பியின்மேல் ஓட்டி, கயிற்று நுனியில் எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எடை ஆளையே கீழே இழுத்துவிடாமலிருக்கக் கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ, கால் உயர, மல்லாந்தபடி மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். சாப்பிடுவது, முகம் கழுவுவது, மற்றது எல்லாம் அப்படியேதான். வெட்கம் முதல் இரண்டு நாளில் செத்துப்போனது. முதுகில் புண் வராமலிருக்க நர்ஸம்மா ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்பார். சட்டத்துக்குள் அரிக்கும் இடத்துக்கு விரல் போகாது. அந்த அரிப்புக்கு அழுதிருக்கிறேன்.

“நடப்பேனா டாக்டர்?” என்று கேட்டேன்.

“நடப்பீங்க.”

“மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “முதல்ல எழுந்து உட்காருங்க, பார்ப்போம்.”

நான் கேட்டதில் காரணம் இருந்தது. அந்த வண்டியைக் கிளப்ப வலது காலில் முழு பாரத்தையும் போட்டு உதைக்க வேண்டும். முறிந்தது அந்தக் கால். அது கோணலாகவோ குட்டையாகவோ கூடினால், பாதி வண்டி என்னுடையது என்று பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரங்கநாயகியிடம் சொன்ன வெள்ளிக்கிழமை வரவே வராது.

வண்டிக்குச் சீக்கிரம் குணமானது. காதர் இரும்புக்கடைக்காரன் அல்லவா? நசுங்கிய தகரத்தைத் தட்டி, வளைந்த கம்பியை நிமிர்த்தி, புது பெயிண்ட் அடித்துவிட்டான். ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் டபடபவென்று சத்தம் கேட்டது. என் வண்டியின் சத்தம். என்னால் தலையைத் திருப்பி ஜன்னலைக்கூடப் பார்க்க முடியாது.

பக்கத்துக் கட்டிலில் முத்தையன் என்று லால்குடிப் பக்கத்து விவசாயி. காளை முட்டி விலா எலும்பு போனவர். நடமாட முடியும். ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க வண்டிதாங்க. தொட்டியில ஒரு அம்மா உட்கார்ந்து வராங்க” என்றார்.

என் அம்மா. “எமன் ஏறி வர்ற எருமை, வீட்டு வாசல்ல நிறுத்தாதே” என்று அந்த வண்டியைச் சொன்ன அதே அம்மா. மடியில் சோற்று அடுக்கை வைத்துக்கொண்டு, தலையில் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“குதிரை வண்டியில வந்தா சோறு ஆறிப்போயிடுதுடா. காதர் தம்பி ஓட்டினா குலுங்கவே மாட்டேங்குது. ரசம் ஒரு சொட்டு சிந்தலே பாரு” என்று மூடியைத் திறந்து காட்டினாள்.

நான் பார்த்தேன். சிந்தவில்லை. சிந்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

“அம்மா நல்லா தைரியமா உட்கார்ந்து வந்தாங்கடா. மேடு வந்தாக்கூட ‘ரங்கா’ன்னு ஒரு குரல், அவ்வளவுதான்” என்றான் காதர்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கம் போய், அம்மாவை ஏற்றிக்கொண்டு, சுடச்சுடச் சோறு கொண்டுவந்தான். என் கடைக் கணக்குப்பிள்ளையை அவனே மேற்பார்த்தான். அவன் அம்மா எலும்பு கூடுவதற்கென்று ஆட்டுக்கால் சூப் வைத்து அனுப்பினார்கள். எங்கள் வீடு சைவம். என் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “மருந்துன்னு நினைச்சுக் குடிச்சுடுப்பா, நான் பாக்கலே” என்பாள். நர்ஸம்மாவுக்குக் காதர் இல்லாமல் ஆகாது. கட்டிலின் கப்பி கிறீச்சிட்டபோது எண்ணெய் கொண்டுவந்து போட்டான். வார்டு முழுவதும் அவன் பேச்சாகிவிட்டது. முத்தையன் ஒரு படி மேலே போய், “கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க. என்னமா ஓட்டுறாரு!” என்று என்னிடமே சொன்னார்.

ஆமாம், ஓட்டுகிறான். என் வாரத்திலும் ஓட்டுகிறான். இரண்டு காலும் இருக்கிறது, ஓட்டுகிறான். அவன் படியேறி வரும் செருப்புச் சத்தம்கூட எனக்கு ஆகாமல் போனது. வந்து கட்டிலோரம் கால்மேல் கால் போட்டு உட்காருவான். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவன் ஏதாவது குறை வைத்தால் கோபித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வைக்கவே இல்லை. பாவி.

விழுந்த காரணத்தைப் பற்றி அவரவர் ஒன்று சொன்னார்கள். “சாமியைக் கும்பிட்டதாலதான் காலோட போச்சு. இல்லேன்னா தலைக்கு வந்திருக்கும்” என்றாள் அம்மா. “வண்டியில உட்கார்ந்தா மனசுக்குள்ளயே கும்பிடுடா. பிள்ளையாருக்குக் கேக்காதா?” என்றான் காதர். அவன் சொன்னதுதான் சரி. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

ரங்கநாயகி மட்டும் குதிரை வண்டியில்தான் வந்துகொண்டிருந்தாள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, சாயங்காலத்தில். அது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் வந்தால் அதிகம் பேச மாட்டாள். சட்டத்துக்கு வெளியே இருக்கும் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொட்டியில் அம்மா உட்கார்ந்தால் என்ன, அம்மா கணக்கில் சேர்த்தி இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் வழக்கம்போல டபடப சத்தம் வந்தது. உள்ளே வந்தது அம்மா இல்லை. சோற்று அடுக்கோடு ரங்கநாயகி. தலைமுடி காற்றில் கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. வைத்திருந்த பூச்சரத்தில் பாதியைக் காணோம்.

“அத்தைக்குக் காய்ச்சல். குதிரை வண்டியும் கெடைக்கலே. காதர் அண்ணன் வாசல்ல வந்து நின்னாங்க. நீங்க பசியோட இருப்பீங்களேன்னு…” என்றாள்.

அவள் சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“நான் வந்தது தப்பாங்க?”

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

நன்றாக இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“பாலத்துல வர்றப்போ ரெண்டு பக்கமும் தண்ணிங்க. காத்து மூஞ்சியில அடிச்சு மூச்சே விட முடியலே. சிரிப்புச் சிரிப்பா வந்துச்சு எனக்கு. ஏன்னே தெரியலே.”

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டும். நான் உண்டாக்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் வண்டியே வாங்கினேன். அவள் சிரித்தபோது நான் கப்பியில் கட்டிப்போட்ட கிடாய் போல இங்கே கிடந்தேன். பக்கத்தில் இருந்து அந்தச் சிரிப்பை அவன் கேட்டிருப்பான். அன்று ஒரு பருக்கைகூட எனக்கு இறங்கவில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போனாள், கண் கலங்கியிருந்தது. வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரே உதையில் கிளப்பிவிட்டான். முத்தையன் ஜன்னலுக்கு எழுந்தார். “உட்காருங்க ஐயா, ஒண்ணும் பார்க்க வேண்டாம்” என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு காதரோடு ‘ம்’, ‘இல்லை’ என்பதோடு சரி. அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, அப்படியும் வருவதை நிறுத்தவில்லை.

ஒருவழியாக எடையை எடுத்தார்கள். டாக்டர் அளவு நாடாவை இடுப்பெலும்பில் வைத்துக் கணுக்கால் வரை இரண்டு காலையும் அளந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு தடவை அளந்தார்.

“அரை அங்குலம் கம்மி. பரவாயில்லே. செருப்புக்குள்ள ஒரு தோல் வச்சுத் தச்சுக்கிட்டா தெரியாது. முழங்கால்தான் இறுகிப்போயிருக்கு. தினமும் மடக்கிப் பழகணும், கத்திக்கிட்டே பழகணும்” என்றார்.

“உதைச்சு வண்டி கிளப்பலாமா?”

“ரொம்ப நாளைக்கு அந்தப் பேச்சே கூடாது. புது எலும்பு. மறுபடி முறிஞ்சா நான் பொறுப்பில்லே.”

கட்டிலிலிருந்து முதன்முதலாகக் காலைத் தொங்கப்போட்டபோது ரத்தம் இறங்கி, கால் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. கக்கத்தில் கட்டைகளை ஊன்றி நின்றேன். தலை சுற்றியது. தொடை மெலிந்து குச்சியாகியிருந்தது. யாருடைய காலோ என்று தோன்றியது.

வீட்டுக்குப் போக டாக்டர் உத்தரவு கொடுத்த அன்று சாயங்காலம் காதர் வந்தான். “நாளைக்குக் காலையில வண்டியோட வந்துடறேன். சைடுகார்ல மெத்தை போட்டு வச்சிருக்கேன். காலை நீட்டிக்கிட்டு வரலாம்” என்றான்.

இத்தனை நாள் அடக்கி வைத்தது அப்போது வெடித்தது.

“நான் சைடுகார்லயா? மூட்டை மாதிரியா? நீ ஓட்டி, நான் உட்கார்ந்து வரணுமா? அந்த வண்டியே வேண்டாம். வித்துடு. நாளைக்கே வித்துடு. உன் பாதி உனக்கு, என் பாதி எனக்கு.”

வண்டியை அவன் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எனக்கு இல்லையென்றால் அவனுக்கும் இருக்கக் கூடாது.

“சரி, வித்துடலாம்” என்றான் காதர். பிறகு, “ஒண்ணு சொல்லணும். சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டே. ஆனா சொல்லிடறேன்” என்றான்.

“என்ன?”

“சீட்டு உன் பேருக்கு வந்த அன்னைக்கு எனக்குத் தாங்கலேடா. கேள்விப்பட்டு வந்தது நான், பேரம் பேசினது நான், முதல்ல ஓட்டறது நீயான்னு. கடை வாசல்லேர்ந்து நீ எடுத்துக்கிட்டுப் போனே பாரு, அப்ப மனசுக்குள்ள நினைச்சேன். இவன் எங்கயாவது இடிச்சுக்கிட்டு, ஒரு வாரம் படுத்தா நல்லா இருக்கும்னு. சத்தியமா ஒரு வாரம்தான் நினைச்சேன். மறுநாளே சேதி வருது. அல்லா நான் நினைச்சதை இப்படிக் கேட்டுட்டானேன்னு ஓடி வந்தேன். இத்தனை நாளும் நான் சோறு கொண்டாந்தது, எண்ணெய் போட்டது எல்லாம் அதுக்குத்தான். உன்மேல பாசத்துல செஞ்சேன்னு உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. கேக்கறப்பல்லாம் கூசிப்போகுது.”

இதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வர வேண்டும். எனக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது. அவன் என்னைவிட நன்றாக ஓட்டுகிறான் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைவிட நல்லவன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்போது பார்த்தால் அவனும் என்னைப் போலத்தான். சிரிக்க ஆரம்பித்தேன். தொடை வலித்தது, நிறுத்த முடியவில்லை.

“ஏண்டா சிரிக்கிறே?”

“நீ பாலத்துல விழணும்னு நான் தினமும் நினைச்சேன்டா. அம்மா இறங்கின பிறகு. பெரிசா ஒண்ணும் வேண்டாம், ஒரு கால் மட்டும். பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்தா போதும்.”

முத்தையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் சைடுகாரில்தான் வீட்டுக்குப் போனேன். மூட்டை மாதிரிதான் போனேன். வண்டியை விற்கவில்லை. கட்டைகள் போய்க் கைத்தடி வந்து, கைத்தடியும் போன பிறகு, டாக்டர் ஓட்டலாம் என்றார், உதைக்க மட்டும் கூடாது என்றார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் காதர் உதைத்துக் கிளப்பிக் கொடுத்தான். ரங்கநாயகி புதுப் பூ வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்தாள். நான் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தேன். விரல் எலும்பெல்லாம் தெரியும்படி இறுக்கிப் பிடித்தேன்.

“மெதுவாப் போடா” என்று சொல்லி, காதர் ஒதுங்கிச் சாலையோரத்தில் நின்றான். தலையைத் திருப்பி அவனைப் பார்த்தேன். சிரிக்கத்தான் சிரித்தான். ஆனால் கண் வண்டியின்மேல் இருந்தது. வயிறு எரிகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓரிரண்டு கஜம் போய்ப் பிரேக்கைப் பிடித்தேன்.

“என்னங்க?” என்றாள் ரங்கநாயகி.

“டேய், பின்னாடி ஏறுடா” என்றேன்.

“நீ ஓட்டறப்பவா? நான் மாட்டேம்பா!” என்றான் காதர். சொல்லிக்கொண்டே ஓடி வந்து ஏறிக்கொண்டான்.